கரண்ட் வைத்த தாடையில் பல் பிடுங்கலாமா?

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி ஏறுகிறவர்களில் சிலர் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்பதில்லை. "ஜிப்மர் ரெண்டு" என்பார்கள். ஒன்று நோயாளிக்கு, இன்னொன்று துணைக்குப் போகிறவருக்கு. கிளியனூர், மொரட்டாண்டி தாண்டி, ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேட்டில் இறங்கிக்கொள்வார்கள். விழுப்புரத்திலிருந்து போகிறவர்களுக்கு வளவனூர், கண்டமங்கலம், வில்லியனூர் வழி. இன்னும் சிலர் ரயில் ஏறி அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கோ சென்னை ஜி.எச்.சுக்கோ போவார்கள். வந்தவாசி வழியாகக் காஞ்சிபுரம் காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் உண்டு. நெடுஞ்சாலையும் ரயிலும் கூடுகிற ஊர்கள் என்பதால் எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் ஒரே நாளில் போய்த் திரும்பிவிட முடிகிறது. செஞ்சி, மயிலம், ஒலக்கூர், மரக்காணம், விக்கிரவாண்டி என்று சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் இந்த இரண்டு ஊர்கள்தான் வாசல்.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. புற்றுநோயிலிருந்து மீண்டு, பீரோவில் ஃபைலை வைத்துப் பூட்டிவிட்டு, பழைய வாழ்க்கைக்குத் திரும்பியவர்கள். அவர்களில் பலரிடம் யாரும் அழுத்திச் சொல்லாத ஒரு விஷயம், வாய்க்குள் இருக்கும் பற்களும் ஈறுகளும் இனி பழைய பற்களும் ஈறுகளும் அல்ல என்பது.

வழக்கமாக நடப்பது இப்படித்தான். நாக்கிலோ கன்னத்திலோ தொண்டையிலோ வந்த புற்றுநோய்க்கு ஆறேழு வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, புண் ஆறி, அவர் மறுபடி கழனிக்குப் போக ஆரம்பித்திருப்பார். ஒன்றரை, இரண்டு வருடம் கழித்துக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கும். பஜாரில் இருக்கும் பல் ஆஸ்பத்திரிக்குப் போவார். "இந்தப் பல்லை எடுத்துடுங்க டாக்டர், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல" என்பார். சர்க்கரை இருக்கா, பி.பி. இருக்கா, ஆஸ்துமா இருக்கா என்று டாக்டர் கேட்பார். இல்லை என்று பதில் வரும். கேன்சர் முடிந்துபோன கதை என்று நோயாளி நினைத்திருப்பார். இல்லையென்றால், பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் அந்தப் பேச்சே வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்திருப்பார்கள். சில நிமிஷத்தில் பல் வெளியே வந்துவிடும். பிடுங்கிய குழிதான் மூடாது.

ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் ஆனாலும் அந்த இடத்தில் சதை வளராது. மஞ்சளும் பழுப்புமாக எலும்பு தெரியும். வாய் நாறும். சாப்பாடு அதில் போய் அடைக்கும். சிலருக்குக் கன்னத்துத் தோலைத் துளைத்துக்கொண்டு சீழ் வெளியே வரும். முற்றினால், கொஞ்சம் கடினமான எதையோ கடித்ததற்கே தாடை எலும்பு முறிந்துபோகும். கதிர்வீச்சு பட்ட எலும்பு மூன்று மாதமாகியும் மூடாமல் வெளியே தெரிந்தால், அது கதிர்வீச்சினால் எலும்பு இறந்துபோன நிலை என்கிறது மருத்துவம். அமெரிக்க வாய்-தாடை அறுவை நிபுணர் ராபர்ட் மார்க்ஸ் 1983-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். கதிர்வீச்சு பட்ட எலும்பில் ரத்தக் குழாய்கள் குறைந்துபோகின்றன. ஆறச் செய்கிற செல்கள் குறைந்துபோகின்றன. பிராண வாயு போதவில்லை. அந்த எலும்பு பார்க்க அப்படியே இருக்கும், வலிக்காது, எக்ஸ்-ரேயிலும் பல நேரம் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் காயம் பட்டால்தான் அதன் பலவீனம் வெளியே வரும். வாய்க்கால் தூர்ந்துபோன கழனியில் நிற்கிற பயிர் ஒருவிதமாகத் தாக்குப்பிடித்துவிடும். புதிதாக விதைத்தால்தான் முளைக்காது என்பது தெரியும். அப்படித்தான் இதுவும்.

கீழ்த்தாடைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். மேல்தாடைக்குப் பல பக்கங்களிலிருந்து ரத்தம் வருகிறது. கீழ்த்தாடை பெரும்பாலும் ஒரே தமனியை நம்பியிருக்கிறது, எலும்பும் கெட்டியானது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற கணக்கில், 30 முதல் 35 நாள் சிகிச்சையில் மொத்தம் 60 முதல் 70 கிரே வரை கதிர்வீச்சு தருகிறார்கள். தாடையின் எந்தப் பகுதி 50 கிரேக்கு மேல் வாங்கியிருக்கிறதோ, அங்கே பல் பிடுங்குவது துணிச்சலான காரியம். எலும்பு எல்லோருக்கும் இறந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கியவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நூற்றில் ஏழு பேர் அளவில் இது நேர்ந்திருக்கிறது. மீதித் தொண்ணூற்று மூன்று பேருக்குக் குழி ஆறிவிடுகிறது. ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவராகிவிட்டால், இறந்த எலும்பை வெட்டியெடுத்து, காலிலிருந்து ஒல்லியான பக்க எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து வந்து தாடையாக வைத்துத் தைக்கிற அளவுக்குப் போக வேண்டியிருக்கும். இந்த ஆபத்துக்குக் காலாவதித் தேதியும் கிடையாது. பத்து வருடம் ஆகிவிட்டதே, இனி என்ன என்று நினைக்கக் கூடாது.

இந்த அபாயம் யாருக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இடுப்பில் கரண்ட் வைத்துக்கொண்டவருக்கும், மார்பகப் புற்றுநோய்க்கு நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டவருக்கும் தாடை எலும்பில் கதிர் படுவதில்லை. அவர்கள் இந்தக் காரணத்துக்காகப் பல் டாக்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மார்பகப் புற்றுநோயில் வேறொரு கவனம் தேவைப்படுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எச்சில் நின்றால்

பல் ஏன் கெட்டது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் எச்சிலில் இருக்கிறது. நல்ல உடம்பில் தினமும் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. சாப்பிட்ட பிறகு வாயில் உருவாகும் அமிலத்தைக் கழுவுவதும், பல்லிலிருந்து கரைந்துபோன சுண்ணாம்புச் சத்தைத் திரும்பக் கொடுப்பதும், கிருமிகளைக் கட்டுக்குள் வைப்பதும் அதன் வேலை. காதுக்குக் கீழே, தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் இருக்கும் சுரப்பிகள்மீது கதிர்வீச்சு படும்போது, முதல் வாரத்திலேயே எச்சில் குறைய ஆரம்பிக்கிறது. பிறகு பிசின் போலக் கெட்டியாகி, பலருக்கு வாய் வறண்டே போகிறது. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்களில் சிலருக்கும் இந்த வறட்சி வருவதுண்டு.

வறண்ட வாயில் சொத்தை விழும் விதமே வேறு. சாதாரணமாகச் சொத்தை கடைவாயில், பல்லின் குழிவான இடங்களில் வரும். கதிர்வீச்சுக்குப் பிறகு வருவது ஈறை ஒட்டிய பல்லின் கழுத்தில், சுற்றிவர, கறுப்பு வளையமாகப் பிடிக்கிறது. எளிதில் சொத்தையாகாத கீழ் முன்பற்களையும் விடுவதில்லை. வலியே இல்லாமல் வேகமாகப் பரவி, ஒரு நாள் சாப்பிடும்போது பல் கழுத்தோடு முறிந்து விழும். சிகிச்சை முடிந்த சில மாதங்களிலேயே இது தொடங்கிவிடுவதுண்டு. ஈறும் சும்மா இருப்பதில்லை. பல்லைத் தாங்கும் எலும்பும் ஈறும் விலகி, வேர் வெளியே தெரிந்து, பல் ஆடத் தொடங்கும். சொத்தையோ ஈறு நோயோ, கடைசியில் பிடுங்கும் கட்டத்துக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தும்.

நம் வீட்டு அன்பு சில சமயம் இங்கே கெடுதல் செய்துவிடுகிறது. வாய் காய்கிறது, தொண்டை வறள்கிறது என்றால் நம் பக்கம் முதலில் கைக்கு வருவது பனங்கற்கண்டு. பனை நிறைந்தது விழுப்புரம் மாவட்டம். பனங்கற்கண்டு தொண்டைக்கு நல்லது என்பது பாட்டி காலத்து நம்பிக்கை. நாள் முழுக்க அதை வாயில் அடக்கிக்கொள்வது, எச்சில் இல்லாத பல்லுக்கு விஷம். அது கருப்பட்டியானாலும் வெள்ளைச் சர்க்கரையானாலும் பல்லில் இருக்கும் கிருமிக்கு ஒன்றுதான். உடம்பு இளைத்துவிட்டது என்று மணிக்கொரு தரம் கொடுக்கும் குளுக்கோஸ் தண்ணீரும், பார்க்க வருகிறவர்கள் வாங்கிவரும் பழரசமும், ராத்திரி படுக்கும்போது கொடுக்கும் இனிப்பான சத்துமாவுப் பாலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. எடை ஏற வேண்டும் என்பது உண்மை. அதற்காகக் கொடுப்பதைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, வாயைக் கொப்பளிக்கச் சொன்னால் போதும். இடையில் தண்ணீர்தான். பாட்டிலைக் கையோடு வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும்.

சாப்பாட்டு ஆசை வேறு இருக்கிறது. மல்லாட்டைக்குப் பேர் போன ஊர் திண்டிவனம், டி.எம்.வி. என்று தொடங்கும் வேர்க்கடலை ரகங்கள் எல்லாம் இங்கே இருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கியவை. வறுத்த மல்லாட்டையை வறண்ட வாயில் மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. தூள் பல்லிடுக்கில் போய் அடைந்துகொள்ளும். அவித்து, மசித்து, குழைந்த சாதத்தோடு சேர்த்தால் அதே சத்து கிடைக்கும். கேழ்வரகுக் கூழும் இனிப்புச் சேர்க்காத சத்துமாவுக் கஞ்சியும் இந்த வாய்க்கு ஏற்றவை. புளிப்பு மோர் மட்டும் அடிக்கடி வேண்டாம், அமிலம்.

பல் துலக்குவதிலும் பழக்கத்தை மாற்றியாக வேண்டும். கரித்தூள், செங்கல் தூள், சாம்பல், கொரகொரப்பான பல்பொடி எதுவும் கூடாது. குச்சியும் வேண்டாம், புண்ணான ஈறைக் கிழித்துவிடும். மிருதுவான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், காலையும் இரவும். ஒரு லிட்டர் வெந்நீரை ஆறவைத்து அதில் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் கலந்து, ஒரு நாளைக்குப் பல தடவை கொப்பளித்துத் துப்பலாம். வெளிநாட்டுப் புற்றுநோய் மையங்களும் ஏறக்குறைய இதையேதான் எழுதிக் கொடுக்கின்றன. கடையில் கிடைக்கிற எரிச்சலூட்டும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாயை மேலும் உலர்த்தும்.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்று, பல் மருத்துவர் தரும் ஃபுளோரைடு ஜெல். பல்லுக்கு அளவெடுத்து மெல்லிய பிளாஸ்டிக் தட்டு செய்து கொடுப்பார்கள். அதில் ஜெல்லைத் தடவித் தினமும் ஐந்து முதல் பத்து நிமிஷம் பல்லில் மாட்டிக்கொள்ள வேண்டும். துப்பிய பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. எத்தனை நாள் என்று கேட்டால், ஆயுள் முழுக்க. அது முடியாதவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பல் மருத்துவரே ஃபுளோரைடு வார்னிஷ் பூசிவிடலாம். எச்சில் சுரப்பிகளில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தால் பைலோகார்பின் மாத்திரை சிலருக்கு உதவும். ஆஸ்துமாவோ கண் அழுத்த நோயோ இருப்பவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

தொழில்நுட்பமும் நிலைமையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டின் கதையிலிருந்தே பார்க்கலாம். அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்கு 1923-ல் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் முளைத்த கனவுதான் 1952-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1954-ல் அடையாற்றில் திறக்கப்பட்ட மருத்துவமனை. அந்தத் தலைமுறையின் கோபால்ட் கருவிகள் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றின. ஆனால் இரண்டு பக்க எச்சில் சுரப்பிகளையும் விட்டுவைக்க அவற்றுக்கு வழி தெரியாது. இப்போது கதிரின் அளவை இடத்துக்கு இடம் மாற்றித் தருகிற ஐ.எம்.ஆர்.டி. முறை வந்திருக்கிறது. பிரிட்டனில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்து 74 சதவீதம் பேருக்குத் தொந்தரவு தரும் வாய் வறட்சி இருந்தது. புதிய முறையில் 38 சதவீதம் பேருக்கு. ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. இல்லாமல் போய்விடவில்லை.

காத்திருக்கும் நாட்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். பல்லைப் பார்க்க வேண்டிய நேரம் கரண்ட் வைப்பதற்கு முன்னால்.

ஒரு காலத்தில், கதிர்வீச்சுக்கு முன்பு வாயில் இருக்கும் எல்லாப் பல்லையும் பிடுங்கிவிடுவதே வழக்கமாக இருந்தது. இன்று அப்படியில்லை. காப்பாற்றக்கூடிய பல்லை அடைத்தோ வேர் சிகிச்சை செய்தோ காப்பாற்றுகிறார்கள். ஆழமான சொத்தை, ஈறு கீழிறங்கி ஆடுகிற பல், சீழ் வைத்த வேர் இவற்றை, முக்கியமாக அதிகக் கதிர் படப்போகிற பக்கத்தில் இருப்பவற்றை, முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள். குழி ஆறக் குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். முதலில் அறுவை சிகிச்சை என்றால், அந்த மயக்கத்திலேயே கெட்ட பற்களையும் சேர்த்து எடுத்துவிட முடியும், கேட்க வேண்டியதுதான்.

இதற்காகப் புற்றுநோய் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. கட்டி காத்திருக்காது. ஆனால் நம் நோயாளியின் வாழ்க்கையில் காத்திருக்கும் நாட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சதைப் பரிசோதனை முடிவுக்கு ஒரு வாரம், ஸ்கேனுக்கு ஒரு தேதி, காப்பீட்டு அனுமதிக்குச் சில நாட்கள், கதிர்வீச்சுக்காக முகத்துக்கு மாஸ்க் செய்ய ஒரு தேதி, கருவிக்கு வரிசை. இந்த நாட்களில் அவர் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தன் ஊரில், வீட்டில்தான் இருக்கிறார். அந்த வாரமே அவர் பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியும். இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும், 2010-ல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஜிப்மருக்குப் போகிறவர்களுக்குக் கோரிமேட்டிலேயே மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிலையம் இருக்கிறது. புதுச்சேரி சாலையில் அரியூரிலும், சென்னை போகும் வழியில் மேல்மருவத்தூரிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. தெற்கே சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. பல் மருத்துவருக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. புற்றுநோய் மருத்துவரும் பல் மருத்துவரும் ஒரே தாளில் எழுதிக்கொள்வதில்தான் பஞ்சம்.

இது சின்ன எண்ணிக்கை ஆட்களின் கவலையும் அல்ல. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணக்குப்படி 2022-ல் உலகில் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 3,90,000 பேர்; அவர்களில் இந்தியர்கள் மட்டும் 1,43,000-க்கும் மேல். மூன்றில் ஒருவருக்கு மேல் நம்மவர். தமிழ்நாட்டில் 2013-லிருந்து குட்கா தடை இருந்தும் மெல்லும் புகையிலை ஒழியவில்லை. சிகிச்சைக்குப் பிறகும் அதை விடாதவரின் ஈறையும் எலும்பையும் எந்த ஜெல்லும் காப்பாற்றாது. மறுபக்கம், 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வரை, ஏழைகளுக்கும் சிகிச்சை எட்டியிருக்கிறது. பிழைத்து வாழ்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பிழைத்தவர் அடுத்த இருபது வருடம் எதை மென்று சாப்பிடப் போகிறார் என்ற கேள்விக்கு இப்போது நாம் பதில் வைத்திருக்க வேண்டும்.

எலும்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள்

மார்பகம், புராஸ்டேட் போன்ற புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும்போதும், மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயிலும், எலும்பைப் பலப்படுத்த ஜோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற ஊசிகளைப் போடுகிறார்கள். வலியைக் குறைக்கிற, எலும்பு முறிவைத் தடுக்கிற அருமையான மருந்துகள் இவை. ஆனால் தாடை எலும்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலையையும் இவை மந்தமாக்குகின்றன. இந்த ஊசி போட்டவருக்குப் பல் பிடுங்கினால் சிலருக்கு எலும்பு மூடாமல் நிற்கும். ஜோலெட்ரானிக் ஆசிட் வகை மருந்துகளில் இதை 2003-ல் முதலில் உலகத்துக்குச் சொன்னவரும் அதே ராபர்ட் மார்க்ஸ்தான். இங்கே கரண்ட் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாய்க்கும் நோய்க்கும் தொடர்பே இல்லாத ஒரு பெண்ணுக்குக்கூட இது நேரலாம். ஜோலெட்ரானிக் ஆசிட் எலும்பில் வருடக்கணக்கில் தங்கும் என்பதால், "அந்த ஊசியை நிறுத்தி ரொம்ப நாளாச்சு" என்பதும் முழுப் பதிலாகாது. ஊசி ஆரம்பிக்கும் முன்பே பல்லைக் காட்டிச் சரிசெய்துகொள்வதுதான் வழி.

தாடை எலும்பின் இந்தத் துயரத்துக்கு ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1920-களில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த சாயம் பூசிய இளம்பெண்கள், தூரிகையின் முனையைக் கூராக்க அதை உதட்டில் வைத்து எடுத்தார்கள். அவர்களில் பலருக்குப் பல் வலி வந்தது, பல் பிடுங்கப்பட்டது, குழி ஆறவில்லை, தாடை அழுகியது. கம்பெனி கைவிரித்தது. நியூயார்க் பல் மருத்துவர் தியோடர் ப்ளம் 1924-ல் இதை 'ரேடியம் தாடை' என்று எழுதி வைத்தார். உடம்புக்குள் கதிரியக்கம் செய்கிற கேட்டை முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவர் ஒரு பல் மருத்துவர். அந்தப் பெண்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நம் நோயாளிகளுக்குச் சொல்ல முடியும், எல்லாம் தெரிந்திருக்கிறது, அதனால்தான் சொல்லாமல் விடுவதை ஏற்க முடியவில்லை.

கீமோ மட்டும் எடுத்துக்கொள்கிறவர்களுக்குச் சுருக்கமாக. மருந்து ஏற்றி ஒரு வாரம் வாக்கில் வாய்ப் புண் வரும். அநேகமாக இரண்டு வாரத்தில் ஆறும். கீமோ ஓடும்போது பல் துலக்கக் கூடாது என்பது தவறு. மிருதுவாகத் துலக்கியே ஆக வேண்டும். வெள்ளணுவும் தட்டணுவும் குறைந்திருக்கும் நாட்களில் பல் பிடுங்குவதோ ஈறைக் கீறிச் சுத்தம் செய்வதோ கூடாது. ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் எதையும் செய்துகொள்ள வேண்டும். சின்ன வயதிலேயே ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கு, அப்போது ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த நிரந்தரப் பற்கள் சிறுத்தோ, வேர் குட்டையாகவோ, முளைக்காமலோ போகலாம். பின்னாளில் பல்லுக்குக் கம்பி போட நினைக்கிற பெற்றோர் பல் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வாய் திறக்கும் அளவையும் கவனிக்க வேண்டும். நடு மூன்று விரலையும் அடுக்காக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். கதிர் பட்ட தாடைத் தசை நாளாக ஆக இறுகும். திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாய் இறுகிவிட்டது என்று கணக்கு. இன்னும் இறுகினால் பிரஷ்கூட உள்ளே போவது கஷ்டம். பல் மருத்துவராலும் வேலை செய்ய முடியாது. ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சி கூட்டி விரிக்கும் பயிற்சியைப் பிசியோதெரபி பிரிவில் கற்றுக்கொடுக்கிறார்கள். சிகிச்சை ஆரம்பிக்கும் நாளிலிருந்தே செய்தால்தான் பலன். இறுகிய பிறகு விரிப்பது பெரும்பாடு.

பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

சில பற்களை வேறு வழியில்லாமல் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, பிடுங்காமல் சமாளிக்க முடியுமா என்பது. வேர் சிகிச்சை செய்து, பல்லின் மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு வேரை எலும்பிலேயே விட்டுவைக்கலாம். பார்வைக்கு அழகாக இருக்காது, ஆனால் எலும்பு காயப்படாது. முடியாது என்றால், தாடை எவ்வளவு கதிர் வாங்கியது என்று சிகிச்சை தந்த மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாய்-தாடை அறுவை நிபுணர் இருக்கிற இடத்தில், அதிகம் தட்டாமல் கொட்டாமல், ஒரே நேரத்தில் நிறையப் பல் எடுக்காமல் செய்ய வேண்டும். குழி மூடும்வரை வரச்சொல்லிப் பார்க்க வேண்டும். பல் எடுப்பதற்கு முன்னும் பின்னும் அழுத்தமான பிராண வாயு அறையில் உட்காரவைத்தால் எலும்பு இறப்பதைத் தடுக்கலாம் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். பிரிட்டனில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், அந்த அறையில் உட்கார்ந்தவர்களில் 6.4 சதவீதம் பேருக்கும் உட்காராதவர்களில் 5.7 சதவீதம் பேருக்கும் எலும்பு பாதிக்கப்பட்டிருந்தது. வித்தியாசமில்லை. ஆகவே அந்தச் செலவுக்காக நகையை அடகு வைக்கும் முன் நிறைய யோசியுங்கள். பல்செட் போடுகிறவர்கள் அவசரப்படாமல் ஈறு நன்றாக ஆறிய பிறகே போட வேண்டும். எங்கேயாவது அழுத்திப் புண்ணானால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

என் கோரிக்கை பெரியதல்ல. தலை, கழுத்தில் கதிர்வீச்சு முடித்து அனுப்பப்படும் ஒவ்வொருவரின் ஃபைலிலும் தமிழில் ஒரு பக்கம் இருக்க வேண்டும். எந்தப் பக்கத் தாடைக்கு எத்தனை கிரே, எந்தத் தேதியில் முடிந்தது, எலும்பு ஊசி உண்டா, பல் பிடுங்கும் முன் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்கிற நாலு வரி. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை கொடுக்கிற பெண்கள், வலிநிவாரணச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களையும் பார்க்கிறார்கள். கேன்சர் சிகிச்சை முடித்தவர் வீட்டில், "கடைசியா எப்போ பல்லைக் காட்டினீங்க?" என்று அவர்கள் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். விழுப்புரம், திண்டிவனம் பல் மருத்துவர்களும் சர்க்கரை, பி.பி.யோடு நிறுத்தாமல், "கழுத்துக்கு மேல கரண்ட் வெச்சாங்களா? எலும்புக்கு ஊசி போட்டீங்களா?" என்பதையும் கேட்க வேண்டும். நோயாளியோ கூட வருகிற மகனோ மகளோ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மறைக்க வேண்டியவர்களிடம் மறைத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டரிடம் வேண்டாம்.

ஏற்கெனவே பல்லைப் பிடுங்கிவிட்டவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். குழி மூடியிருந்தால் கவலை வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேலாகியும் மூடவில்லை, எலும்பு நாக்கில் தட்டுப்படுகிறது, கீழுதடு மரத்திருக்கிறது என்றால் ஊசியால் நெம்பிப் பார்க்காதீர்கள், கிராம்பெண்ணெயும் சுண்ணாம்பும் வைத்து அடைக்காதீர்கள். அது எலும்பின் கோளாறாகவும் இருக்கலாம், பழைய நோய் திரும்பியதாகவும் இருக்கலாம். சிகிச்சை செய்த இடத்தில் பார்த்தால்தான் தெரியும். ஃபைலை எடுத்துக்கொண்டு அங்கேயே போங்கள், அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காமல் இந்த வாரமே.